வீட்டு ஒப்பந்தத்தில் இன்ஸ்பெக்‌ஷன் ஷரத்து: நியூ ஜெர்சியில் முதல் வீடு வாங்குவோருக்கு

விலை படிந்து, இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் கைக்கு வந்ததும் நியூ ஜெர்சியில் ‘அட்டர்னி ரிவ்யூ’ தொடங்கிவிடும். 3 வேலை நாள்தான் கெடு. அதற்குள் உங்கள் வக்கீல் ஒப்பந்தத்தை ஏற்க மறுத்து, திருத்தங்கள் கேட்டுக் கடிதம் அனுப்பலாம். “இது ஸ்டாண்டர்ட் ஃபார்ம்தாங்க, கவலைப்படாதீங்க” என்பார் ரியல்டர் (வீட்டுத் தரகர்). அந்த ஃபார்மில் இருக்கும் இன்ஸ்பெக்‌ஷன் ஷரத்தைத் திருத்த இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. ஆங்கிலத்தில் எழுதுவது வக்கீல் வேலை. என்ன கேட்க வேண்டும் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

படி 1: நாள் கணக்கு

வீட்டைப் பரிசோதிக்க “14 நாள்” என்று மட்டும் இருந்தால் போதாது. கையெழுத்திட்ட நாளிலிருந்தா, ரிவ்யூ முடிந்த நாளிலிருந்தா? சனி, ஞாயிறு சேருமா? “ரிவ்யூ முடிந்த மறுநாள் முதல் 14 காலண்டர் நாள், கடைசி நாள் மாலை 5 மணி வரை” என்று கேளுங்கள். ரேடான் (மண்ணிலிருந்து வீட்டுக்குள் கசியும் கதிரியக்க வாயு) சோதனைக் கருவியே குறைந்தது 48 மணி நேரம் வீட்டுக்குள் இருக்க வேண்டும். 7 நாளுக்கு ஒத்துக்கொண்டால் திண்டாட்டம்தான்.

படி 2: எதையெல்லாம் பார்ப்பது

கட்டடம், கூரை, மின்சாரம், பிளம்பிங், ஹீட்டிங், கரையான், ரேடான். இதெல்லாம் எல்லோரும் போடுவது. பலர் விட்டுவிடுவது மண்ணுக்குள் புதைந்த ஆயில் டேங்க்.

எண்ணெய் எரித்துச் சூடாக்கிய பழைய வீடுகளில், கேஸ் வந்த பிறகும் தொட்டியை அப்படியே விட்டுவிட்டவர்கள் உண்டு. நாங்கள் பார்த்த ஒரு வீட்டின் பேஸ்மென்ட் சுவரில், தரைக்குச் சற்று மேலே, அறுத்து நசுக்கிய இரண்டு மெல்லிய செம்புக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருந்தன. தொட்டியிலிருந்து எண்ணெய் கொண்டுவரும் குழாய்கள் இப்படித்தான் இருக்கும். விற்பவருக்கு எதுவும் தெரியாதாம்! வழக்கமான இன்ஸ்பெக்டர் தோட்டத்துக்கு அடியில் தேட மாட்டார். அதற்குத் தனியாக ‘டேங்க் ஸ்வீப்’ செய்பவரைக் கூப்பிட வேண்டும். கசிந்த தொட்டியோடு வீட்டை வாங்கினால் மண்ணைச் சுத்தம் செய்யும் பொறுப்பு நம் தலையில். ஆகவே ஷரத்தில் இப்படி வரட்டும்: “தொட்டி இருந்தால் விற்பவர் தன் செலவில் அகற்ற வேண்டும், கசிந்திருந்தால் மாநிலச் சுற்றுச்சூழல் துறையிடம் ‘இனி நடவடிக்கை தேவையில்லை’ என்ற கடிதத்தை க்ளோசிங்குக்கு (வீடு கைமாறும் நாளுக்கு) முன் வாங்கித் தர வேண்டும்.”

படி 3: குறை தெரிந்தால்?

“பேசித் தீர்த்துக்கொள்ளலாம்” என்ற வரியை நம்பாதீர்கள். பேச்சு முறிந்தால் என்ன என்பதுதான் கேள்வி. ஒரு மாதிரி:

“வாங்குபவர் கெடுவுக்குள் அறிக்கையோடு எழுத்தில் தெரிவிப்பார். விற்பவர் 5 வேலை நாளுக்குள் பழுது பார்க்கவோ பணம் கழிக்கவோ சம்மதிக்காவிட்டால், வாங்குபவர் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். டெபாசிட் முழுவதும் திரும்பும்.”

ரேடான் எவ்வளவு இருந்தால் குறை என்ற அளவையே எழுதிவிடுங்கள்: லிட்டர் காற்றுக்கு 4 பிக்கோகியூரி (கதிரியக்க அளவு) அல்லது அதற்கு மேல்.

படி 4: போட்டி இருந்தால்

இன்ஸ்பெக்‌ஷனையே விட்டுக்கொடுக்கச் சொல்வார்கள். வேண்டாம். “அஸ்திவாரம், கூரை, பெரிய சாதனங்கள், சுற்றுச்சூழல் தவிர வேறு எதற்கும் பணம் கேட்க மாட்டோம்” என்று சுருக்கிக்கொள்ளலாம். ஒழுகும் குழாயை நாமே மாற்றிக்கொள்ளலாம். ரத்து செய்யும் உரிமையை மட்டும் விடாதீர்கள்.

ரியல்டருக்கு வாட்ஸ்அப்பில் சொல்வது நோட்டீஸ் ஆகாது. கெடு தாண்டினால் உரிமை போயிற்று என்றே பல ஒப்பந்தங்களில் இருக்கும். உங்கள் வக்கீல் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அனுப்பிய நோட்டீஸ் மெயிலின் நகலை அன்றே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.