பிள்ளையைக் காணோம் என்றால், பிறகு உடலாகக் கிடைத்தால்: தருமபுரி, கிருஷ்ணகிரி குடும்பங்கள் செய்ய வேண்டியவை

நம்ம பக்கம் நிறைய வீடுகளில் அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலையில் இருப்பார்கள், பிள்ளை ஊரில் பாட்டியிடம் வளரும். அந்தப் பிள்ளை சாயங்காலம் வீடு திரும்பவில்லை என்றால் பெற்றவர்கள் பஸ் ஏறி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பாட்டியே ஸ்டேஷனுக்குப் போகலாம், பக்கத்து வீட்டுக்காரரும் புகார் கொடுக்கலாம். போகும்போதே அவசர எண் 112க்கோ குழந்தைகள் உதவி எண் 1098க்கோ போன் போட்டுவிடுங்கள், "எப்போது சொன்னீர்கள்?" என்று பின்னால் கேள்வி வரும்போது அந்த அழைப்பு நேரம் சாட்சியாக நிற்கும்.

"ஒரு நாள் பாருங்கள், சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருக்கும்" என்பார்கள். 24 மணி நேரம் காத்திருக்கச் சொல்லும் சட்டம் எதுவும் கிடையாது. குழந்தை காணாமல் போனால் கடத்தலாகக் கருதி எஃப்ஐஆர் போட வேண்டும் என்று 2013 மே மாதமே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சிஎஸ்ஆர் ரசீதோடு திரும்பி வராதீர்கள், அது புகாரை வாங்கினோம் என்பதற்கான சீட்டுதான். எஃப்ஐஆர் நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். மறுத்தால் அதே புகாரை எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. ஓசூரில் காணாமல் போய் கர்நாடகத்தின் அத்திப்பள்ளியில் கடைசியாகப் பார்த்திருந்தாலும் "எங்கள் எல்லை இல்லை" என்று அனுப்ப முடியாது, எல்லை பார்க்காமல் பதியும் ஜீரோ எஃப்ஐஆர் போட்டு உரிய ஸ்டேஷனுக்கு மாற்றுவது அவர்கள் வேலை.

புகாரை ரைட்டர் சொல்லச் சொல்ல எழுதாதீர்கள். கடைசியாக யார், எங்கே, எத்தனை மணிக்குப் பார்த்தார்கள், என்ன உடை, என்ன அங்க அடையாளம் என்று உங்கள் வார்த்தையில் எழுதுங்கள். யார் மேலாவது சந்தேகம் இருந்தால், அவர் ஊரில் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், காரணத்தோடு எழுதுங்கள். முதல் புகாரில் இல்லாத பெயரைப் பிறகு சொன்னால் ஜோடித்த கதை என்று எதிர்த்தரப்பு வக்கீல் வாதாடுவார். தெரியாததைத் தெரியாது என்றே விடுங்கள். வழியில் உள்ள கடை, பெட்ரோல் பங்க், தொப்பூர், கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி கேமரா பதிவுகளைப் பாதுகாக்கச் சொல்லி அன்றைக்கே இன்ஸ்பெக்டருக்குத் தனி மனு கொடுங்கள், சில நாளில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். வாட்ஸ்அப்பில் பிள்ளையின் படத்தைப் போடலாம், ஆனால் "பிள்ளை பிடிக்கிறவன்" என்று யார் படத்தையும் போடாதீர்கள். 2018இல் போளூர் பக்கம் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த ஒரு வயதான அம்மாவை இப்படிப்பட்ட வதந்தியால்தான் அடித்தே கொன்றார்கள்.

இனி எழுதவே கஷ்டமான பகுதி. உடல் கிடைத்துவிட்டால், வழக்கின் பாதி அந்த ஒரு நாளில் முடிவாகிறது.

உடலையோ செருப்பையோ யாரும் எடுக்க வேண்டாம், கிடந்த இடத்தைத் தள்ளி நின்று படம் எடுங்கள். போலீஸ் பிரேத விசாரணை நடத்தி, பஞ்சாயத்தார் என்று ஊர் ஆட்களிடம் கையெழுத்து கேட்பார்கள். படித்துக் காட்டச் சொல்லாமல் போடாதீர்கள். காயம் கண்ணுக்குத் தெரிந்தும் எழுதவில்லை என்றால் அதைக் குறிப்பிட்டுவிட்டுப் போடுங்கள்.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பிரேதப் பரிசோதனை தொடங்கும் முன்பே இன்ஸ்பெக்டருக்கும் டீனுக்கும் கலெக்டருக்கும் ஒரே மனுவைக் கொடுத்து, முழுவதும் வீடியோ எடுக்க வேண்டும், ஒன்றுக்கு மேற்பட்ட மருத்துவர் இருக்க வேண்டும், பகல் வெளிச்சத்தில் செய்ய வேண்டும், நகத் துணுக்கும் உள்ளுறுப்பும் தடய ஆய்வுக்குப் போக வேண்டும் என்று கேளுங்கள். பிள்ளையின் துணியை வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைத்துவிடாதீர்கள், அது சாட்சி. நம்ம ஊரில் பெரும்பாலும் உடல் கிணற்றிலோ கல்குவாரிக் குழியிலோதான் கிடைக்கிறது, உடனே "தவறி விழுந்தது" என்று பேச்சு கிளம்பிவிடும். உயிரோடு இருக்கும்போது தண்ணீர் உள்ளே போயிருந்தால் அந்த நீரின் நுண்பாசி எலும்பு மஜ்ஜை வரை போய்ச் சேரலாம். அதைப் பார்ப்பதுதான் டயாட்டம் சோதனை. ஒப்பிட்டுப் பார்க்க அதே கிணற்றுத் தண்ணீரும் வேண்டும், எடுத்தார்களா என்று கேளுங்கள். அது மட்டுமே எதையும் நிரூபித்துவிடாது, ஆனால் விட்டுவிட்டால் பிறகு கேட்க வழியில்லை.

சந்தேகம் தீராதவரை எரிக்காதீர்கள், வழக்கம் எதுவானாலும் புதையுங்கள். 2022இல் கள்ளக்குறிச்சி அருகே கனியாமூர் பள்ளியில் இறந்த மாணவியின் வழக்கில் உயர் நீதிமன்றம் மறு பிரேதப் பரிசோதனைக்கு உத்தரவிட்டது, ஆனால் குடும்பம் கேட்ட மருத்துவரைச் சேர்க்க மறுத்துவிட்டது. முதல் முறை அறுத்ததை இரண்டாம் முறை பழையபடி பார்க்க முடியாது என்பதால்தான் முதல் பரிசோதனைக்கே இவ்வளவு மெனக்கெடச் சொல்கிறேன். நியாயம் கேட்டு அமைதியாகப் போராடுவது உங்கள் உரிமை, பேருந்தை எரிப்பது வழக்கையே திசைதிருப்பிவிடும்.

பாலியல் வன்முறை சந்தேகம் வந்துவிட்டால் பிள்ளையின் பெயரும் படமும் எங்கும் இருக்கக் கூடாது, நீங்கள் பரப்பியதையும் அழிக்கச் சொல்லுங்கள்.

விசாரணை தடம் மாறுவதாகத் தெரிந்தால் சிபிசிஐடிக்கு மாற்றச் சொல்லி உயர் நீதிமன்றம் போகலாம், நம்ம இரண்டு மாவட்டத்துக்கும் அது சென்னைதான். வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால் மாவட்டக் கோர்ட்டில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது சட்ட உதவி எண் 15100க்கு போன் போடுங்கள். அம்மா பெயரில் மனு போட்டால் வருமானம் பார்க்க மாட்டார்கள். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தும் வழக்கு என்றால் டிஎஸ்பிக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் புகார்தாரருக்குச் சொல்ல வேண்டும் என்பது இப்போது சட்டம், சொல்லவில்லை என்றால் எழுதிக் கேளுங்கள்.

குற்றம் எதுவும் இல்லை என்று வழக்கை முடிக்கப் போனாலும் கோர்ட் புகார்தாரருக்கு நோட்டீஸ் தந்துதான் ஏற்க முடியும். அப்போது ஆட்சேப மனு போடலாம், மேல் விசாரணை கேட்கலாம். அதனால் வீடு மாறினால் புது முகவரியை ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் எழுத்தில் கொடுத்து, கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கி வையுங்கள்.