முதல் துப்பாக்கி: பலூன் கடையிலிருந்து 10 மீட்டர் வரை

எந்தத் துப்பாக்கியைச் சுடுவதில் சந்தோஷம் அதிகம் என்று கேட்டால் பெரும்பாலும் சத்தம் அதிகமுள்ளதன் பெயரைத்தான் சொல்வார்கள். என் பதில் .177 ஏர் கன், அதாவது காற்றழுத்தத்தில் சுடும் துப்பாக்கி. தோளை இடிக்காது, காதை அடைக்காது, ஒரு டப்பா பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) வாங்கினால் பல நாள் வரும். செய்த தப்பு உடனே அட்டையில் ஓட்டையாகத் தெரியும் என்பதுதான் எனக்கு இதில் பெரிய சுகம். வடசென்னையில் ராயபுரம், வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கம் இருந்துகொண்டு "நமக்கெல்லாம் இது எட்டாது" என்று நினைப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் சட்டம்

குழல் அளவு 0.177 அங்குலத்துக்குள், அதாவது 4.5 மில்லிமீட்டருக்குள், ஆற்றல் 20 ஜூலுக்குள் இருக்கிற ஏர் கன்னுக்கு 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. இரண்டில் எது தாண்டினாலும் உரிமம் வேண்டும். .22 ஏர் கன்னை "சும்மா காத்து துப்பாக்கிதானே" என்று வாங்கிவிடாதீர்கள். வாங்கும்போது அடையாள அட்டை கேட்பார்கள், கொடுங்கள். பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

மொட்டை மாடியில் சுடவே கூடாது. நம் தெருக்களில் ஒரு மாடிக்கும் அடுத்த மாடிக்கும் நடுவே துணிக்கொடி கட்டும் தூரம்தான். இலக்கைத் தவறிய பெல்லட் வெகுதூரம் போகும், ஒரு கண்ணைப் பறிக்க அது போதும். காக்கா, புறா, அணில் எதையும் குறிவைக்காதீர்கள். சுட வேண்டிய இடம் திருவிழா பலூன் கடையும் ரேஞ்சும் (துப்பாக்கி சுடும் பயிற்சிக்கூடம்) மட்டும்தான்.

படி 1: கையில் எடுக்கும் முறை

துப்பாக்கி காலியாக இருக்கிறது என்று யார் சொன்னாலும், குண்டு இருப்பதாகவே நினைத்து எடுங்கள். குழலின் வாய் எப்போதும் இலக்குப் பக்கம். சுடத் தயாராகும் வரை விரல் டிரிகருக்கு வெளியே. இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் குறி. யாராவது முன்னால் போனால் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். இது பழக்கமாகாதவர்கள் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

படி 2: பலூன் கடையில் ஆரம்பியுங்கள்

திருவொற்றியூர் மாசித் திருவிழாவிலோ தீவுத்திடல் பொருட்காட்சியிலோ பலகையில் பலூன் கட்டி வைத்திருப்பார்கள். அங்கே கொடுப்பது பெரும்பாலும் குழலை மடக்கிக் காற்றேற்றும் ஸ்பிரிங் ரைபிள். கைமாறிக் கைமாறித் தேய்ந்து, சைட் (துப்பாக்கிமேல் குறிபார்க்க வைத்திருக்கும் அமைப்பு) கொஞ்சம் விலகித்தான் இருக்கும். அதனால் முதல் குண்டைப் பலூனைச் சுடுவதற்காக இல்லாமல், துப்பாக்கி எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்ப்பதற்காகச் சுடுங்கள். இடது பக்கம் இரண்டு விரல் தள்ளிப் போனால், அடுத்ததை வலது பக்கம் அதே அளவு தள்ளிக் குறிவையுங்கள்.

ஸ்பிரிங் துப்பாக்கிக்கு ஒரு குணம் உண்டு. டிரிகரை இழுத்ததும் உள்ளே பிஸ்டன் பாய்ந்து முட்டுகிறது. பெல்லட் குழலை விட்டு வெளியே போவதற்கு முன்பே துப்பாக்கி பின்னும் முன்னும் குலுங்கிவிடுகிறது. இறுக்கிப் பிடித்தாலும், முன்கட்டையைக் கடை மேஜைமேல் அழுத்தி வைத்தாலும், அந்தக் குலுக்கல் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி வரும், குண்டும் சிதறும். முன்கட்டையை உள்ளங்கையில் வெறுமனே படுக்க வையுங்கள். தோளில் லேசாகச் சேருங்கள். துப்பாக்கி தன்னிஷ்டத்துக்குக் குலுங்கட்டும், ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி குலுங்கட்டும். இது கைவந்தால் எந்த ஸ்பிரிங் ரைபிளும் உங்களுக்கு அடங்கும்.

பெல்லட் போடாமல் ஸ்பிரிங் துப்பாக்கியைச் சுடாதீர்கள். எதிரே காற்றைத் தடுக்க ஒன்றுமில்லாமல் பிஸ்டன் நேராகப் போய் மோதி, சீலும் ஸ்பிரிங்கும் கெட்டுவிடும்.

படி 3: எந்தக் கண், எதைப் பார்ப்பது

கையை நீட்டி, இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துச் சின்ன ஓட்டை விட்டு, அதன் வழியாகத் தூரத்துக் கொடிக்கம்பத்தைப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது கம்பம் ஓட்டைக்குள் இருக்கிறதோ அதுதான் உங்கள் குறிக்கண். மற்றக் கண்ணை இறுக்கி மூடினால் முகமே கோணி, குறிக்கண்ணும் சீக்கிரம் களைத்துப்போகும். அந்த மற்றக் கண்ணின் முன்னால் ஒரு துண்டு அட்டையைத் தொங்கவிட்டால் போதும்.

குறி பார்க்கும்போது பின்சைட், முன்சைட், இலக்கு மூன்றையும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்கக் கண்ணால் முடியாது. முன்சைட் கூர்மையாகத் தெரியட்டும். இலக்கு மங்கலாகத்தான் இருக்கும். மங்கட்டும்.

படி 4: மூச்சும் விரலும்

மூச்சை இழுத்து, பாதி விட்டு, நிறுத்துங்கள். எட்டு வினாடிக்குள் குண்டு போகவில்லை என்றால் துப்பாக்கியை இறக்கிவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். இறக்கிவைப்பதில் வெட்கமே வேண்டாம், போட்டியாளர்களும் இதைத்தான் செய்கிறார்கள்.

வண்ணாரப்பேட்டையில் வளர்ந்தவருக்குக் கேரம் ஸ்ட்ரைக்கரைச் சுண்டுகிற விரல் தானாக வரும். டிரிகரில் அந்தச் சுண்டலை மறந்துவிட வேண்டும். விரல் நுனிச் சதையை வைத்து, நேராகப் பின்னோக்கி, மெதுவாக அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். எப்போது வெடிக்கும் என்று உங்களுக்கே தெரியாமல் வெடித்தால் அதுதான் சரியான அழுத்தம். வெடித்த பிறகும் ஒரு நொடி அப்படியே நில்லுங்கள்.

படி 5: ஐந்து குண்டு, ஒரு கூட்டம்

தட்டைத் தலை பெல்லட் வாங்குங்கள், அட்டையில் வட்டமாக, சுத்தமாக ஓட்டை போடும். ஒரே இடத்தைக் குறிவைத்து ஐந்து சுடுங்கள். நடுவில் பட்டதா என்று இப்போது பார்க்காதீர்கள். ஐந்தும் பக்கத்தில் பக்கத்தில் விழுந்திருந்தால் உங்கள் கை சரி, இனி சைட்டைத் திருகி அந்தக் கூட்டத்தை நடுவுக்குக் கொண்டுவரலாம். சிதறியிருந்தால் சைட்டைத் தொடவே தொடாதீர்கள், நான்காம் படிக்குத் திரும்புங்கள்.

படி 6: 10 மீட்டர்

எழும்பூரில் சென்னை ரைபிள் கிளப் இருக்கிறது. விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் சென்ட்ரலில் மாறி எழும்பூரில் இறங்கிவிடலாம். ரேஞ்சில் பயிற்சியாளர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பதற்கு ஈடு எதுவும் இல்லை. சொந்தமாக வாங்கும் முன் அங்கிருக்கும் துப்பாக்கிகளைச் சுட்டுப் பாருங்கள். வால்தர், ஃபைன்வெர்க்பாவ் போன்ற வெளிநாட்டுப் போட்டி ரைபிள்கள் லட்சத்தைத் தாண்டும். பிரெசிஹோல் போன்ற இந்தியத் தயாரிப்புகள் ஆரம்பத்துக்குத் தாராளம்.

போட்டி ரைபிள்களில் ஸ்பிரிங் கிடையாது, சிலிண்டரில் அடைத்த காற்று. குலுக்கல் இல்லாததே போல் இருக்கும். 10 மீட்டர் ரைபிள் இலக்கில் பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர் அளவு வெறும் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியைத் துளைத்துத்தான் அபினவ் பிந்த்ரா 2008 பெய்ஜிங்கில் தங்கம் வாங்கினார். சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012 லண்டனில் இதே பிரிவில் வெண்கலம் வாங்கினார்.

ஏர் கன்களில் எனக்கு மிகப் பிடித்தது ஏர் பிஸ்டல். ஒரே கையில் பிடிக்க வேண்டும், இன்னொரு கை பேன்ட் பாக்கெட்டில். டிரிகரின் கனம் குறைந்தது 500 கிராம். கை ஆடும், அதை நிறுத்த முடியாது. கறுப்பு வட்டத்துக்குக் கொஞ்சம் கீழே ஒரு பகுதிக்குள் ஆட விட்டு, விரலை மட்டும் அழுத்திக்கொண்டே போக வேண்டும். ஆடாத நொடிக்காகக் காத்திருந்து சட்டென்று இழுப்பவர்களுக்குக் குண்டு எப்போதும் விலகித்தான் போகும். 2024 பாரிஸில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கியது இந்தத் துப்பாக்கியில்தான். இதில் ஒரு மாலை முழுக்கச் சுட்டாலும் எனக்கு அலுக்காது.

.22 ரைபிளும் (இது காற்றில் இல்லை, வெடிமருந்துத் தோட்டாவில் சுடுவது) இனிமையானது, 50 மீட்டரில் சுடுவார்கள். அதற்கு உரிமம், கிளப் மேற்பார்வை எல்லாம் வேண்டும். ஏர் கன்னில் கூட்டம் சேர்ந்த பிறகு அதைப் பற்றி யோசிக்கலாம்.

சுட்டு முடித்ததும்

காசிமேடு, எண்ணூர் பக்கம் வீடு என்றால் உப்புக்காற்று இரும்பைச் சும்மா விடாது. கை பட்ட இடமெல்லாம் எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு, உறையில் போட்டு, பூட்டி வையுங்கள். உறைக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று இருக்கட்டும். பெல்லட் ஈயம், அதனால் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் பஜ்ஜி, டீ எதையும் தொடாதீர்கள். குழந்தைகள் இருக்கிற வீட்டில் பெல்லட் டப்பாவையும் துப்பாக்கியையும் வேறு வேறு இடத்தில் வையுங்கள்.