தொட்டியில் பறித்த இலையில் ஐஸ் மூலிகை டீ

மாடியில் நாலு தொட்டி வைத்து எலுமிச்சைப்புல்லும் புதினாவும் துளசியும் வளர்க்கிறவர்களுக்கு, சித்திரை வெயிலில் இதைவிட நல்ல பானம் கிடையாது. ஆனால் பலபேர் கைக்குக் கிடைத்த இலையை எல்லாம் ஒரே பாத்திரத்தில் போட்டுத் தளதளவென்று கொதிக்க விட்டுவிடுகிறார்கள். அது கஷாயம். அதில் ஐஸைப் போட்டால் ஜில்லென்ற கஷாயம், அவ்வளவுதான். எந்த இலை கொதிக்கணும், எது கொதிக்கவே கூடாது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

இலையைக் காலையில், வெயில் ஏறுவதற்கு முன் பறியுங்கள். புதினாவை ஒவ்வோர் இலையாகக் கிள்ளாமல் கணுவுக்கு மேலே தண்டோடு வெட்டினால் அந்த இடத்தில் இரண்டு கிளை விடும், அடுத்த வாரமும் பறிக்கலாம். எலுமிச்சைப்புல்லைக் கத்தரிக்கோலால்தான் வெட்ட வேண்டும், கையால் இழுத்தால் ஓரம் விரலைக் கீறிவிடும். பூச்சிமருந்து அடித்த செடி என்றால் இதற்கு வேண்டவே வேண்டாம். எல்லாவற்றையும் இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, இலைக்கு அடிப்பக்கம் அசுவினிப் பூச்சி ஒட்டியிருக்கிறதா என்று ஒரு தடவை திருப்பிப் பாருங்கள்.

நாலு டம்ளருக்கு முக்கால் லிட்டர் தண்ணீர் போதும், மீதியை ஐஸ் பார்த்துக்கொள்ளும். ஐந்தாறு எலுமிச்சைப்புல் இலைகளை விரல் நீளத்துக்கு நறுக்குங்கள். அடியில் வெள்ளையாக இருக்கும் தண்டு கிடைத்தால் இடிகல்லில் ஒரு தட்டுத் தட்டி நசுக்கிக்கொள்ளுங்கள், வாசனை அதில்தான் அதிகம். இது நார் உள்ள முரட்டு இலை, சும்மா வெந்நீர் ஊற்றினால் அசையாது. அதனால் தண்ணீரோடு சேர்த்து, மூடி போட்டுச் சிறுதீயில் ஐந்து நிமிடம் கொதிக்க விடுங்கள். ஒரு துண்டு இஞ்சி தட்டிப் போடுவதென்றால் அதுவும் இப்போதே. பனங்கற்கண்டு கரைய நேரம் எடுக்கும், ஆகவே அதையும் இந்தக் கட்டத்திலேயே போட்டுவிடலாம். சூட்டில் ருசி பார்க்கும்போது கொஞ்சம் திகட்டுகிற மாதிரி இருந்தால்தான் குளிர்ந்த பிறகு அளவாக இருக்கும், ஏனென்றால் குளிர்ச்சியில் இனிப்பு நாக்குக்குக் குறைவாகத்தான் தெரியும். நாட்டுச்சர்க்கரையும் போடலாம், நிறம்தான் கலங்கலாகிவிடும்.

சரி, அடுப்பை அணைத்துவிட்டீர்களா? இப்போதுதான் புதினாவும் துளசியும். புதினா ஒரு கைப்பிடி, துளசி பத்துப் பதினைந்து இலை, அதற்கு மேல் போனால் துளசி மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். உள்ளங்கையில் வைத்து லேசாகக் கசக்கிப் போட்டு உடனே மூடுங்கள். இந்த இரண்டிலும் இருக்கும் எண்ணெய் ஆவியோடு பறந்துவிடும் வகை, அடுக்களை முழுக்க மணக்கிறது என்றால் டம்ளரில் ஒன்றும் மிச்சமில்லை என்று அர்த்தம். ஐந்து நிமிடம் போதும், உடனே வடிகட்டிவிடுங்கள். அரை மணி நேரம் ஊறினால் புதினா கறுத்துக் கசப்பு இறங்கும். கற்பூரவள்ளி இருக்கிறதே என்று கேட்டால், என் கருத்து, அதை இருமலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வடிகட்டியதைச் சூடாகவே ஃப்ரிட்ஜில் வைக்காமல், பாத்திரத்தோடு ஒரு அகலமான தண்ணீர்ப் பேசினில் இறக்கி வைத்தால் சீக்கிரம் ஆறும். எலுமிச்சம்பழத்தை முழுதாக ஆறிய பிறகுதான் பிழிய வேண்டும், அதுவும் தோல் நசுங்காமல், விதை விழாமல். விருந்தாளி வரும் நாளாக இருந்தால் இந்த டீயிலேயே கொஞ்சம் எடுத்து முந்தின நாளே ஐஸ் தட்டில் ஊற்றி வையுங்கள், கட்டி கரைந்தாலும் ருசி நீர்க்காது.

வேலியில் சங்குப்பூ இருந்தால் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். நீலப் பூ எட்டுப் பத்தைப் பச்சைக் காம்பு நீக்கி ஒரு டம்ளர் வெந்நீரில் சில நிமிடம் வையுங்கள், தண்ணீர் நல்ல நீலமாகிவிடும். பெரிய ருசி கிடையாது, நிறத்துக்காகத்தான். கண்ணாடி டம்ளரில் ஐஸ், அதன் மேல் இனிப்புச் சேர்த்த எலுமிச்சைப்புல் டீ, அப்புறம் இந்த நீலத்தை மெல்ல ஊற்றி, கடைசியில் எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு. சொட்டு விழுந்த இடத்திலிருந்து கத்தரிப்பூ நிறம் இழை இழையாக இறங்கும். பூவில் உள்ள நிறமி புளிப்புப் பட்டதும் நிறம் மாறுகிறது, அதனால் எலுமிச்சையை முன்கூட்டியே கலந்து வைத்து இந்த வேடிக்கையைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

அடுப்பே பற்றவைக்கப் பிடிக்காத நாளில், கழுவிய புதினாவையும் நாலைந்து வெள்ளரித் துண்டுகளையும் குடிநீரில் போட்டு ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுக் காலையில் வடிகட்டினால் போதும். மணம் மெல்லியதாகத்தான் இருக்கும். சிலர் பாட்டிலை வெயிலில் வைத்து ஊறவிடுவார்கள். அதை நான் சொல்ல மாட்டேன், அந்த வெதுவெதுப்பு கிருமியைக் கொல்லாது, வளர்க்கத்தான் செய்யும்.

எப்படிச் செய்தாலும் மூடி போட்டு ஃப்ரிட்ஜில் இரண்டு நாள், அதற்குள் காலி செய்துவிடுங்கள். கர்ப்பமாக இருப்பவர்களும் தினமும் மாத்திரை எடுப்பவர்களும், துளசி மாதிரி மூலிகைகளைத் தினசரி வழக்கமாக்கும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.