நரி வேட்டை அருங்காட்சியகத்துக்கு உதவப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

குதிரையேறி, வேட்டைநாய்க் கூட்டத்தை முன்னால் விட்டு, நரியைத் துரத்திக்கொண்டு வயல், வேலி என்று பாராமல் தாண்டுவது இங்கிலாந்துக்காரர்களின் பழைய பித்து. அமெரிக்காவின் வர்ஜீனியாவுக்கும் அது 18-ஆம் நூற்றாண்டிலேயே போய்விட்டது. ஜார்ஜ் வாஷிங்டனே மவுண்ட் வெர்னானில் நாய்கள் வளர்த்து வேட்டையாடியவர். அந்தப் பித்து விட்டுச்சென்ற ஓவியங்களையும் புத்தகங்களையும் காக்கிற இடங்களில் ஒன்று வர்ஜீனியாவின் மிடில்பர்க்கில் இருக்கும் நேஷனல் ஸ்போர்ட்டிங் லைப்ரரி அண்ட் மியூசியம். 1954-இல் நூலகமாகத் தொடங்கியது. ஓவியக் கூடம் 2011-இல்தான் வந்தது.

இப்படிப்பட்ட இடத்துக்கு உதவ வருபவர்கள் நல்ல மனத்தோடுதான் வருகிறார்கள். ஆனால் அந்த உதவியில் பாதி, ஊழியர்களுக்குக் கூடுதல் வேலையாகத்தான் போய் முடிகிறது.

முதலில், அருங்காட்சியகத்தை வேட்டைக்காரர்களின் கட்சி அலுவலகமாக நினைப்பது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாய்களை விட்டு நரி வேட்டையாடுவதை 2004-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. 2005 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. வர்ஜீனியாவில் வேட்டை இன்றும் நடக்கிறது. வேட்டை வேண்டுமா, வேண்டாமா என்ற சண்டை ஓயவில்லை. அதனால் ஆதரவாளர் சிலர், நன்கொடை கொடுத்த கையோடு, சுவரில் விமர்சனமாக ஒரு வரிகூட இருக்கக் கூடாது என்கிறார்கள். அப்படி எழுதப்படும் விளக்கப் பலகையை யாரும் நம்பமாட்டார்கள். வேட்டையே பிடிக்காதவருக்கும் இங்கே பார்க்க நிறைய உண்டு. பழைய வேட்டைப் படங்களில் குதிரை நான்கு கால்களையும் முன்னும் பின்னுமாக நீட்டி அந்தரத்தில் பறக்கும். 1878-இல் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் ஓடும் குதிரையை எடுத்த படங்கள், எந்தக் குதிரையும் அப்படி ஓடுவதில்லை என்று காட்டிவிட்டன. அதுவரை தலைமுறை தலைமுறையாக ஓவியர்கள் கண்ணால் காணாததைத்தான் வரைந்துகொண்டிருந்தார்கள்!

அடுத்தது பரணைக் காலிசெய்வது. இதுதான் பெரிய தலைவலி. தாத்தா போனதும் வீட்டில் கிடந்த வேட்டைப் படங்களையெல்லாம் பெட்டியில் போட்டு, ஒரு வார்த்தை கேட்காமல் வாசலில் இறக்கிவிடுவார்கள். ஹென்றி ஆல்கன் போன்ற ஆங்கில வேட்டை ஓவியர்களின் அச்சுப்படங்கள் பிற்காலத்தில் திரும்பத் திரும்ப அச்சாகியிருக்கின்றன. ஒரு பூதக்கண்ணாடி போதும்: வரிசை பிசகாத புள்ளிகள் தெரிந்தால் பிற்கால இயந்திர அச்சு. ஒழுங்கற்ற பொடிமணல் போன்ற பரப்பும் அதன்மேல் தூரிகை ஓடிய தடமும் தெரிந்தால், கையால் வண்ணம் தீட்டிய பழைய பிரதியாக இருக்கலாம். எதுவானாலும் முதலில் படம் எடுத்து அனுப்பிக் கேளுங்கள். வாங்கிக்கொள்வதாக இருந்தால் நன்கொடைப் பத்திரம் எழுதிக் கையெழுத்து போடுங்கள். "கொடுத்தேனா, கடனாகத்தானே வைத்தேன்" என்று பேரன் பின்னால் வந்து நிற்கும் வழக்குகளுக்கு வேர் இந்தப் பத்திரம் இல்லாததுதான்.

கொடுப்பதற்கு முன் தேய்த்துத் துடைத்துப் பளபளப்பாக்கவும் வேண்டாம். வெள்ளிக் கோப்பையை ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் கொஞ்சம் வெள்ளி போகிறது, பொறித்த பெயரும் மங்குகிறது. சேணத்தில் எண்ணெய் தடவுவதும் வேண்டாம். பாடம் செய்து பலகையில் பதித்த நரித்தலை இருந்தால் வெறுங்கையால் தட்டாதீர்கள். பூச்சி அரிக்காமலிருக்கப் பழைய காலத்தில் ஆர்செனிக் பூசியிருப்பார்கள். வேட்டைக் கோட்டில் ஒரு பித்தான் விழுந்திருந்தால் கடையில் புதிது வாங்கித் தைத்துவிடாதீர்கள். அந்தந்த வேட்டைக் குழுவின் எழுத்தோ சின்னமோ பித்தானில்தான் இருக்கும். கோட்டை அணிந்தவர் எந்தக் குழு என்று சொல்வது அதுதான். யார் அணிந்தது, எந்த ஊர், எந்த ஆண்டு என்று ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள். நம் பக்கத்திலும் இதற்கு வேலை உண்டு. நீலகிரியின் வென்லாக் புல்வெளியில் வெள்ளைக்காரர்கள் நடத்திய ஊட்டி வேட்டையில் ஓடியது குள்ளநரி. அந்தக் காலத்துப் புகைப்படம் உங்கள் வீட்டில் இருந்தால் பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். குதிரைக்காரர், நாய் பார்த்துக்கொண்டவர் பெயர் தெரிந்தால் அதையும் சேருங்கள். துரைமார் பெயர்கள் எப்படியும் எங்காவது பதிவாகியிருக்கும்.

பணம் கொடுப்பவர்கள் செய்யும் தவறு வேறு வகை. "ஓவியம் வாங்க மட்டும்" என்று நிபந்தனை போட்டுவிடுகிறார்கள். ஏசி, ஈரப்பதக் கட்டுப்பாடு, அந்துப்பூச்சித் தடுப்பு, காப்பீடு இதற்கெல்லாம் யார் தருவார்? பெயர்ப்பலகை கிடைக்காத செலவுகள்தான் கூடத்தை ஓட்டுகின்றன. நிபந்தனையில்லாத சிறு தொகை, என்னைக் கேட்டால், நிபந்தனையோடு வரும் பெரிய தொகையைவிட மேல்.

வரிக்கணக்கும் உண்டு. அமெரிக்காவில் நன்கொடையாகத் தந்து 5,000 டாலருக்கு மேல் வரிக்கழிவு கேட்கும் ஓவியத்துக்குத் தகுதியுள்ள மதிப்பீட்டாளரின் சான்று வேண்டும். பெற்றுக்கொள்ளும் அருங்காட்சியகமே மதிப்புப் போட்டுத் தர முடியாது. நிதி திரட்டும் விருந்தில் ஏலம் எடுத்த பொருளுக்குக் கொடுத்த பணம் முழுவதும் நன்கொடை ஆகாது, சந்தை விலைக்கு மேலே கொடுத்த பகுதி மட்டுமே. பிரிட்டனில் கிஃப்ட் எய்ட் என்று, நன்கொடையாளர் கட்டிய வரியில் ஒரு பகுதியை அரசு அருங்காட்சியகத்துக்குத் தரும் திட்டம் உண்டு. படிவத்தில் அதற்கான பெட்டியில் டிக் போட்டால் ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸ் கூடுதலாக அருங்காட்சியகத்துக்குப் போகும். சரி, நல்லதுதான், ஆனால் அந்த அளவுக்கு வரி கட்டாதவர் டிக் போட்டால், வித்தியாசத்தை அவரே கட்ட வேண்டி வரும்.

கூடம் இருட்டாக இருக்கிறது என்ற புகாரும் அடிக்கடி வரும். நிறம் மங்காமலிருக்க, தாளில் வரைந்தவற்றுக்கும் துணிக்கும் 50 லக்ஸ் (ஒளியை அளக்கும் அலகு) அளவுதான் ஒளி விடுவது வழக்கம். கண் பழக இரண்டு நிமிடம் கொடுங்கள்.

அப்புறம், தன்னார்வலராகச் சேருபவர்கள் வழிகாட்டியாக நின்று பேசும் வேலையைத்தான் முதலில் கேட்கிறார்கள். வேட்டை நாட்குறிப்புகளின் கிறுக்கல் கையெழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்ய ஆள் கிடைப்பது அரிது. வீட்டிலிருந்தே அதைச் செய்ய முடியுமா என்று கேட்டுப்பாருங்கள்.