சிகரெட்டிலிருந்து வேப்புக்கு மாறியதும் ஈறில் ரத்தமா? செய்ய வேண்டியவை

சிகரெட்டை நிறுத்திவிட்டு வேப்புக்கு (திரவத்தைச் சூடாக்கி ஆவியாக இழுக்கும் மின்சிகரெட்டுக்கு) மாறிய சில வாரங்களில் பலருக்கு இது நடக்கிறது. பல் துலக்கித் துப்பினால் நுரையில் சிவப்பு தெரியும். இத்தனை ஆண்டு புகைத்தபோது ஒரு சொட்டு வந்திருக்காது. ‘அப்படியானால் சிகரெட்டே தேவலை’ என்று உடனே தோன்றும். அந்த முடிவு தவறு. அதே அளவு தவறு, ரத்தம் வரும் பக்கத்தைத் தொடாமல் விட்டு மற்ற பக்கங்களை மட்டும் துலக்குவது.

புகைப்பவரின் ஈறு வெளிறி, தடித்து, இறுகிக் காணப்படும். அடியில் கிருமிப் படலம் சேர்ந்து அழற்சி நடந்துகொண்டே இருந்தாலும், சிவப்பதும் வீங்குவதும் கசிவதும் அமுங்கிக் கிடக்கும். நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்குவது இதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. ஆனால் வேப்பிலும் நிகோடின் இருக்கிறதே? புகையில் நிகோடின் மட்டும் இல்லை. அதிலுள்ள மற்ற பொருட்களும் ஈறின் தற்காப்பை மழுங்கடிக்கின்றன. அவை நின்றதும் ஈறு வழக்கம்போல் எதிர்வினை காட்டத் தொடங்குகிறது. 2003இல் வெளியான ஓர் ஆய்வில், புகையை விட்ட 4 முதல் 6 வாரங்களில், கருவியால் தொட்டால் ரத்தம் கசியும் இடங்கள் 16 சதவீதத்திலிருந்து 32 சதவீதமாக உயர்ந்தன. அதே காலத்தில் அவர்களுடைய பல் சுத்தம் முன்பைவிட மேம்பட்டிருந்தது. 2016இல், சிகரெட்டிலிருந்து வேப்புக்கு மாறிய 20 பேரை இரண்டு வாரம் கவனித்தபோதும் ரத்தக் கசிவு கூடியது. இரண்டுமே சிறிய ஆய்வுகள்தாம், ஆனால் பல் மருத்துவர்கள் அன்றாடம் காண்பதோடு ஒத்துப்போகின்றன.

ஆக, நோய் பெரும்பாலும் முன்பே இருந்தது, இப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. மறுபடி சிகரெட் பிடித்தால் ரத்தம் குறையலாம், ஆனால் பல்லைத் தாங்கும் எலும்பு கரைவது தொடரும்.

அதற்காக வேப் ஈறுக்கு நல்லது என்று ஆகிவிடாது. அதன் திரவத்திலுள்ள புரோபிலீன் கிளைக்கால் ஈரத்தை இழுக்கும் பொருள். வாய் வறண்டால் உமிழ்நீர் குறையும், கிருமிப் படலம் எளிதாகப் படியும். கிளிசரின் பிசுபிசுப்பானது. நிகோடின் புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும். சிகரெட் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும், வேப்போ விழித்திருக்கும் நேரமெல்லாம் கையிலேயே இருக்கும். வாய்க்கு அதிகத் தொல்லை கொடுப்பது பல நேரங்களில் இந்தப் பழக்கம்தான்.

முதல் நாள்: எங்கே வருகிறது?

நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று பாருங்கள். மேலா கீழா, வெளிப்பக்கமா நாக்குப் பக்கமா, எந்தப் பல் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் மட்டும் வந்தால் அந்த இடத்தில்தான் கோளாறு: அடைத்த பல்லின் விளிம்பு துருத்தி நிற்கலாம், இரு பற்களுக்கிடையே உணவு சிக்கலாம், காரை (கல்போல் இறுகிய படலம்) சேர்ந்திருக்கலாம். வாய் முழுக்கப் பரவலாக வந்தால் படலம், மருந்து, சர்க்கரை நோய், கர்ப்பகாலம், அரிதாக ரத்த நோய் என்று யோசிக்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், குளோபிடோக்ரெல், ஆஸ்பிரின் போன்ற மருந்து எடுப்பவர்களுக்குக் கசிவு அதிகமாகத் தெரியும். அந்த மருந்துகளை நீங்களாக நிறுத்தவே கூடாது. ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின், வலிப்புக்கான ஃபெனிடோயின் ஆகியவை சிலருக்கு ஈறை வளரவைக்கும், அங்கே படலம் ஒளிந்துகொள்ளும்.

துலக்கும் முறை

மென்மையான முள் கொண்ட, சிறிய தலையுள்ள பிரஷ் எடுங்கள். 1350 முதல் 1500 பிபிஎம் ஃபுளோரைடு உள்ள பேஸ்ட் பட்டாணி அளவு போதும். பிரஷ்ஷை ஈறும் பல்லும் சேரும் கோட்டில் 45 டிகிரி சாய்த்து வையுங்கள். முள் நுனிகளில் பாதி ஈறின் விளிம்பைத் தொட வேண்டும். அந்த இடத்திலேயே மிகச் சிறிய அசைவாக, ஒரு பல்லின் அகலத்துக்கும் குறைவாக, பத்துப் பதினைந்து முறை அதிரவிட்டு, பிறகு கடிக்கும் பக்கம் நோக்கி உருட்டி எடுங்கள். அடுத்த இரண்டு பற்களுக்கு நகருங்கள். மொத்தம் 2 நிமிடம், நாளுக்கு இரண்டு வேளை. இரவு வேளையைத் தவறவிடவே கூடாது.

அதிகம் விட்டுப்போகும் இடங்கள் இரண்டு: கீழ் முன்பற்களின் நாக்குப் பக்கம், மேல் கடைவாய்ப்பற்களின் கன்னப் பக்கம். இரண்டும் உமிழ்நீர்ச் சுரப்பி திறக்கும் இடத்தருகே இருப்பதால் காரை அங்கேதான் வேகமாகக் கட்டும். கீழ் முன்பற்களுக்குப் பிரஷ்ஷைச் செங்குத்தாக நிறுத்தி நுனியால் துலக்குங்கள். மேல் கடைவாய்க்கு வாயைப் பாதி மூடினால்தான் கன்னம் தளர்ந்து பிரஷ் நுழையும்.

முடிந்ததும் துப்புங்கள், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காதீர்கள். கொப்பளித்தால் ஃபுளோரைடு போய்விடும். வாய் வறண்டவருக்குப் பல் சொத்தையாகும் வாய்ப்பு அதிகம் என்பதால் இது முக்கியம்.

புகைக்கறையைப் போக்கக் கரித்தூள், சொரசொரப்பான பவுடர் என்று தேய்ப்பவர்கள் உண்டு. ஈறு இறங்கிய இடத்தில் வேர்ப்பகுதி மென்மையாக இருக்கும், அதில் இவை குழி போட்டுவிடும். கறை எடுப்பதை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

பற்களின் இடுக்கு

ஈறு நோய் பெரும்பாலும் தொடங்குவது இங்கேதான், பிரஷ்ஷின் முள் எட்டாத இடமும் இதுதான். இடைவெளி இருந்தால் பல்லிடை பிரஷ், நெருக்கமாக இருந்தால் ஃப்ளாஸ். பல்லிடை பிரஷ் வாங்கும்போது ஒரே அளவு வாங்கி எல்லா இடத்திலும் திணிப்பது பொதுவான பிழை. 0.4 மி.மீ. முதல் 0.8 மி.மீ. வரையும் அதற்கு மேலும் அளவுகள் உண்டு. முள் சற்று உரசிக்கொண்டு நுழைய வேண்டும், நடுக்கம்பி பல்லில் உராயக் கூடாது. தடையே இல்லாமல் போய் வந்தால் ஓர் அளவு கூட்டுங்கள், தள்ளித்தான் நுழைக்க முடிகிறது என்றால் ஓர் அளவு குறையுங்கள். ஒரு வாய்க்கு இரண்டு மூன்று அளவுகள் தேவைப்படுவது சாதாரணம். பேஸ்ட் போடாமல் நுழைத்து, ஐந்தாறு முறை முன்னும் பின்னும் இழுத்து, கழுவி அடுத்த இடுக்குக்குப் போங்கள்.

ஃப்ளாஸ் என்றால் 45 செ.மீ. நூலை நடுவிரல்களில் சுற்றி, இடையில் மூன்று நான்கு செ.மீ. மட்டும் விட்டு, அறுப்பதுபோல் மெல்ல இறக்குங்கள். இறங்கியதும் ஒரு பல்லை அணைத்தாற்போல் வளைத்து மேலும் கீழும் இழுங்கள், பிறகு பக்கத்துப் பல். ‘டக்’கென்று விழவிட்டால் ஈறு கிழியும்.

தொடங்கிய முதல் சில நாட்கள் ரத்தம் கூடும். அழற்சி உள்ள ஈறைத் தொட்டால் வரத்தான் செய்யும், நிறுத்தாதீர்கள். தினமும் ஒழுங்காகச் செய்தால் ஒரு வாரத்தில் குறைவது தெரியும், இரண்டு வாரத்தில் பெரும்பாலும் நின்றுவிடும். நிற்காவிட்டால் உங்கள் துலக்கலில் குறையென்று இன்னும் அழுத்தித் தேய்க்க வேண்டாம். ஈறுக்கடியில் காரை இறுகியிருக்கும், அதை எந்த பிரஷ்ஷும் எடுக்காது.

மவுத்வாஷ் இரண்டாம்பட்சம். குளோர்ஹெக்சிடின் 0.2 சதவீதம் என்றால் 10 மி.லி., ஒரு நிமிடம், இரண்டு வேளை, பொதுவாக இரண்டு வாரத்துக்கு மேல் வேண்டாம். பேஸ்ட்டிலுள்ள நுரைப்பொருள் அதைச் செயலிழக்கச் செய்வதால் துலக்கி அரை மணி நேரம் கழித்துப் பயன்படுத்துங்கள். பல்லில் பழுப்புக் கறை விழும், சுவை மாறும். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் வறட்சியைக் கூட்டும். ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு இதமாக இருக்கும், ஆனால் படலத்தை எடுக்காது.

வேப்பில் மாற்ற வேண்டியவை

இடைவிடாமல் இழுப்பதை விட்டு, நேரம் வைத்து இழுத்து, சாதனத்தைக் கீழே வையுங்கள். நிகோடின் அளவை அவசரப்பட்டுக் குறைப்பவர்கள் ஏக்கம் தீராமல் இரண்டு மடங்கு இழுப்பார்கள், ஈறில் படும் ஆவியும் இரண்டு மடங்காகும். ஏக்கம் தீரும் அளவில் தொடங்கி, இழுக்கும் தடவையை முதலில் குறைத்து, நிகோடினைப் பிறகு குறையுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு வாய் வெறும் தண்ணீர் சுழற்றி விழுங்குங்கள். வாய் வறண்டால் சைலிட்டால் கலந்த சர்க்கரையில்லா சூயிங்கம் உமிழ்நீரைச் சுரக்கவைக்கும். புளிப்பு மிட்டாய் வேண்டாம்.

ஈறும் கன்னத்தின் உட்புறமும் எரிந்தால் முதலில் இலவங்கப்பட்டைச் சுவையை நிறுத்துங்கள், அது மென்சவ்வை உறுத்தும். மெந்தாலின் குளிர்ச்சி எரிச்சலை மறைக்கும் என்பதால் இரண்டு வாரம் அதையும் தள்ளி வையுங்கள். பிறகும் எரிந்தால் புரோபிலீன் கிளைக்கால் குறைவாக உள்ள திரவத்துக்கு மாறிப் பாருங்கள். கருகிய சுவை வந்தால் மேலும் இழுக்காதீர்கள். உள்ளிருக்கும் பஞ்சு காய்ந்து, திரவத்தைச் சூடாக்கும் கம்பிச்சுருளான ‘காயில்’ அதிகம் சூடாகும்போது எரிச்சலூட்டும் ஆல்டிஹைடுகள் உண்டாகும். காயிலை மாற்றி, திரவம் ஊறச் சில நிமிடம் விட்டு, அதில் குறித்துள்ள வாட் வரம்புக்குள் இயக்குங்கள். இடையிடையே சிகரெட்டும் பிடித்தால் மேற்சொன்ன எதுவும் பெரிதாக உதவாது.

பல் மருத்துவரிடம்

ரத்தம் நின்றாலும் ஒருமுறை போக வேண்டும். எத்தனை ஆண்டு, நாளுக்கு எத்தனை சிகரெட், எந்தத் தேதியில் மாறினீர்கள் என்று எழுதிக்கொண்டு போங்கள். வேப்பை மறைக்காதீர்கள். காரையை எடுக்கும் ஸ்கேலிங்கோடு மட்டும் திரும்பிவிடாமல், ஈறுப் பையின் (ஈறுக்கும் பல்லுக்கும் நடுவிலுள்ள பிளவின்) ஆழத்தை அளக்கச் சொல்லுங்கள். ஒரு பல்லைச் சுற்றி ஆறு இடங்களில் அளப்பார்கள். 3 மி.மீ. வரை சரி. 4 மி.மீ. அல்லது அதற்கு மேல், ரத்தமும் கசிகிறது என்றால் சிகிச்சை வேண்டும், எக்ஸ்ரேயும் தேவைப்படலாம். ஈறழற்சி மட்டும் என்றால் முழுதாக மீளும். எலும்பு கரைந்திருந்தால் இழந்தது தானாகத் திரும்பாது, மேற்கொண்டு கரையாமல் நிறுத்த முடியும்.

சுத்தம் செய்தபின் வீக்கம் வடிந்து பல் நீண்டதுபோல் தெரியும், இடைவெளி விழும், குளிர்ந்தது பட்டால் கூசும். ‘ஸ்கேலிங் பல்லைக் கெடுத்துவிட்டது’ என்ற பேச்சு இதில்தான் பிறக்கிறது. காரையும் வீக்கமும் மூடியிருந்த இடம்தான் வெளியே தெரிகிறது. சுமார் மூன்று மாதம் கழித்து மீண்டும் அளந்து பார்ப்பார்கள், அதைத் தவறவிட வேண்டாம்.

ஈறில் சீழ், ஆடும் பல், ஈறு முனைகள் அரித்து நாற்றத்துடன் கடும் வலி, காய்ச்சல் என்றால் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள். சுத்தமான துணியால் 10 நிமிடம் அழுத்திப் பிடித்தும் ரத்தம் நிற்கவில்லை, காரணமில்லாமல் உடலில் கன்றிப்போகிறது, மூக்கிலும் கசிகிறது என்றால் அன்றே மருத்துவமனைக்குப் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

புகையை விட்டதும் வாய்ப்புண் வருவதும் உண்டு, பெரும்பாலும் சில வாரங்களில் ஆறிவிடும். ஆனால் புகைத்த வாய்க்குப் புற்றுநோய் அபாயம் விட்ட அன்றே மறைந்துவிடாது. மாதம் ஒருமுறை உதட்டின் உட்புறம், இரு கன்னம், அண்ணம், நாக்கைத் துணியால் பிடித்து இழுத்து அதன் இரு ஓரம், பிறகு நாக்குக்கு அடி என்று வரிசையாகப் பாருங்கள். ஆறாத புண், தேய்த்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, கட்டி இவற்றில் எதுவும் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால், வலி இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.