‘டியர் 2’ கடிதம் வந்தால் பதறவும் வேண்டாம், சும்மா இருக்கவும் வேண்டாம்

நியூ ஜெர்சிக்கு வந்த முதல் அக்டோபரில், இரண்டாம் வகுப்புப் படித்த மகனின் பையில் ஒரு கடிதம் இருந்தது. வாசிப்பில் அவனுக்கு ‘டியர் 2’ (tier 2, அதாவது இரண்டாம் படி) உதவி தொடங்குகிறோம் என்று எழுதியிருந்தார்கள். ஊரிலிருந்து போனில் பேசிய அம்மா "பையன் பெயிலாப்பா?" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அன்று இரவே ஒரு ட்யூஷன் சென்டரில் பணம் கட்டிவிட்டேன், அது தண்டச்செலவு.

இது பெயிலும் இல்லை, தண்டனையும் இல்லை. அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில், பின்தங்கும் பிள்ளைகளுக்கான உதவியை மூன்று படிகளாக வைத்திருக்கிறார்கள். இதற்கு எம்.டி.எஸ்.எஸ் என்று பெயர், சில இடங்களில் ஆர்.டி.ஐ என்பார்கள் (நம் ஊர்த் தகவல் உரிமைச் சட்டம் இல்லை). முதல் படி, வகுப்பில் எல்லாருக்கும் நடக்கும் பாடம். வருடத்துக்குப் பெரும்பாலும் மூன்று தடவை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு சின்ன டெஸ்ட் வைத்து, யார் தடுமாறுகிறார்கள் என்று பார்த்து, அவர்களை நாலைந்து பேர் கொண்ட குழுவாக வாரத்தில் சில நாள் தனியே உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பது இரண்டாம் படி. மூன்றாவதில் குழு இன்னும் சிறியது, நேரம் அதிகம். முதல் படியே சுமார் 80 விழுக்காட்டுப் பிள்ளைகளுக்குப் போதும் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு.

நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: கிராஃபைக் காட்டுங்கள். "நல்லா பண்றான், ஸ்வீட் பாய்" என்று டீச்சர் சொல்வதைக் கேட்டுச் சிரித்துவிட்டு வந்துவிடாதீர்கள், நான் இரண்டு தடவை அப்படித்தான் வந்தேன். மூன்றாம் தடவை கேட்டதும் ஒரு தாளை நீட்டினார்கள். மேலே ஏறிப்போகும் ஒரு கோடு, அது அவன் எட்ட வேண்டிய அளவு. கீழே அவன் எடுத்த புள்ளிகள். வாசித்தது நிமிடத்துக்கு 31 சொல், பிறகு 34, ஆறு வாரம் கழித்து 36. கோடு ஒரு பக்கம் போகிறது, பையன் ஒரு பக்கம் போகிறான். அப்போதும் "இன்னும் ஆறு வாரம் பார்ப்போம்" என்றுதான் சொன்னார்கள், அதற்கப்புறமும் இன்னொரு ஆறு வாரம்.

இங்கேதான் நம்மவர்கள் ஏமாறுகிறோம். மூன்று படியும் ஏறி முடித்தால்தான் சிறப்புக் கல்விக்கான (குறைபாடுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளி தரும் தனி உதவி) மதிப்பீடு கிடைக்கும் என்று சட்டம் எதுவும் இல்லை. ஐ.டி.இ.ஏ என்ற மத்தியச் சட்டப்படி பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் மதிப்பீடு கேட்கலாம், காசு கிடையாது. இந்தப் படிகளைக் காட்டி அதைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது என்று மத்தியக் கல்வித் துறை 2011 ஜனவரியிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. பள்ளி மறுத்தால், காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.

அடுத்த குழப்பம் ஆங்கிலம். புதிதாக வந்த பிள்ளைக்குத் தனியாக இ.எஸ்.எல் (ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும்) வகுப்பு உண்டு. அதுவும் டியர் 2-வும் ஒன்றில்லை. ஆங்கிலம் போதாது என்பதை முக்கியக் காரணமாக வைத்து ஒரு பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு என்று முடிவு கட்டக் கூடாது, அதே சட்டம்தான் சொல்கிறது. அதற்காக எல்லாவற்றையும் "மொழிதான், சரியாயிடும்" என்று தள்ளிவிடவும் முடியாது. தமிழில் எப்படிப் படிக்கிறான் என்று பாருங்கள். ல, ள குழப்பம் எல்லாருக்கும் உண்டு. என் மகன் ‘கடல்’ என்ற சொல்லை ஒரே பக்கத்தில் நாலு இடத்தில் பார்த்தும் நாலு தடவையும் எழுத்துக்கூட்டினான். அதைக் கூட்டத்தில் சொன்ன பிறகுதான் பேச்சே மாறியது, கடைசியில் டிஸ்லெக்சியா (வாசிப்பில் வரும் கற்றல் குறைபாடு) என்று தெரிந்தது. வீட்டில் தமிழை நிறுத்துங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உங்களுக்கு ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், அதைச் செய்து தருவது பள்ளியின் கடமை. பிள்ளையையே நடுவில் உட்கார வைத்து மொழிபெயர்க்கச் சொல்ல வேண்டாம்.

வாசலில் டீச்சரைப் பார்த்து வாயால் கேட்டால் கணக்கில் வராது. "என் மகனைச் சிறப்புக் கல்விக்காக மதிப்பீடு செய்யும்படி கோருகிறேன்" என்று தேதி போட்டு, பிரின்சிபாலுக்கும் சைல்டு ஸ்டடி டீமுக்கும் (மதிப்பீடு செய்யும் பள்ளிக் குழு) எழுதுங்கள். நியூ ஜெர்சியில் கடிதம் கிடைத்த 20 நாளுக்குள் உங்களைக் கூப்பிட்டுப் பேச வேண்டும். மதிப்பீட்டுக்கு நீங்கள் கையெழுத்துப் போட்டதிலிருந்து, தகுதி உண்டென்றால், 90 நாளுக்குள் உதவித் திட்டம் நடைமுறைக்கு வந்திருக்க வேண்டும். மற்ற மாநிலங்களில் கெடு வேறு, டெக்சாஸில் மதிப்பீட்டுக்கு 45 பள்ளி நாட்கள். ஜூன் வந்துவிட்டதே, லீவு முடியட்டும் என்று விட்டுவிடாதீர்கள். இங்கே அந்த 20 நாளில் பள்ளியின் மற்ற விடுமுறைகளைக் கழிப்பார்கள், கோடை விடுமுறையைக் கழிக்க மாட்டார்கள்.