எண் இழந்த சாலையின் வரலாற்றை எழுதுவது எப்படி

அமெரிக்க மாநிலமொன்றில் ஒரு மைலோ இரண்டு மைலோ மட்டுமே ஓடி, பின்னர் மாநில நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட ஒரு சாலையின் வரலாற்றை எழுத முற்படுபவர், மூன்று கேள்விகளைத் தொடக்கத்திலேயே தனித்தனியாகப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும்: அந்தத் தடம் எப்போது போடப்பட்டது, அது எப்போது மாநிலத்தின் பொறுப்புக்கு வந்தது, அதற்கு எப்போது எண் கிடைத்தது. இம்மூன்றும் ஒரே சமயத்தில் நிகழ்வது அரிது. முடிவுக்கும் இது பொருந்தும். எண் நீக்கப்பட்டதைப் பார்த்தவுடன் சாலையே மூடப்பட்டதாக எழுதிவிடுவதுதான் இவ்வகை வரலாறுகளில் மிகுதியாகக் காணப்படும் பிழை.

மிச்சிகனின் எம்-209 என்னும் மாநில நெடுஞ்சாலை இதற்கு நல்ல சான்று. லீலனாவ் கவுண்டியில் (கவுண்டி என்பது மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) எம்-109 சாலையிலிருந்து பிரிந்து, மிச்சிகன் ஏரிக்கரையிலுள்ள கிளென் ஹேவன் என்னும் சிற்றூர்ப் பக்கம் ஏறக்குறைய அரை மைல் மட்டுமே சென்ற அச்சாலை, அம்மாநிலத்தின் மிகக் குறுகிய நெடுஞ்சாலையாக விளங்கியது. 1990களின் நடுப்பகுதியில் மாநிலப் போக்குவரத்துத் துறை அதைக் கவுண்டியிடம் ஒப்படைத்தது. எண் மறைந்தது, மிகக் குறுகியது என்ற சிறப்பு எம்-212 என்னும் வேறொரு சாலைக்குச் சென்றது. சாலை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

அடுத்து, தேடலின் கால எல்லைகளைக் குறித்துக்கொள்க. 1916ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சாலை நிதியுதவிச் சட்டம், நிதி பெற விரும்பும் மாநிலம் நெடுஞ்சாலைத் துறையொன்றை வைத்திருக்க வேண்டும் என்று விதித்தது. விஸ்கான்சின் 1918இல் தன் சாலைகளில் எண் பலகைகளை நட்டது. மிச்சிகன் 1919இல் பின்தொடர்ந்தது. 1926 நவம்பரில் மாநில எல்லைகளைக் கடந்து செல்லும் சாலைகளுக்குப் பொது எண் தரும் அமெரிக்க எண் நெடுஞ்சாலை அமைப்பு ஏற்கப்பட்டபோது பல மாநில எண்கள் இடம் மாறின. நியூ ஜெர்சி 1927, 1953 ஆகிய ஆண்டுகளிலும், கலிபோர்னியா 1964இலும் தம் எண்களை மாற்றி அமைத்தன. ஆகவே ஒரே எண்ணை இரு காலங்களில் காண்பவர், அது ஒரே சாலைதானா என்று சரிபார்த்த பின்னரே மேலே செல்ல வேண்டும். கலிபோர்னியாவில் கூடுதல் கவனம் தேவை: 1964க்கு முன்பு அங்கே சட்டத்தில் ஓர் எண்ணும் பலகையில் வேறோர் எண்ணும் வழங்கின.

ஆண்டுகளைக் கண்டறிய நிலப்படங்களே முதல் துணை. மாநிலத் துறை வெளியிட்ட அதிகாரப்பூர்வப் படங்களையும், பெட்ரோல் நிலையங்கள் இலவசமாகக் கொடுத்த ராண்ட் மெக்னாலி, எச்.எம். கௌஷா, ஜெனரல் டிராஃப்டிங் ஆகிய நிறுவனங்களின் படங்களையும் ஆண்டு வரிசையில் அடுக்கி, எண் முதலில் தோன்றும் படத்தையும் அதற்கு முந்தையதையும், கடைசியாகக் காணப்படும் படத்தையும் அதற்குப் பிந்தையதையும் குறித்துக்கொள்க. மாற்றம் அந்த இடைவெளியில் நிகழ்ந்தது என்று மட்டுமே சொல்லலாம். குறுஞ்சாலைகளில் மற்றொரு சிக்கலும் உண்டு: மாநிலம் முழுவதையும் ஒரே தாளில் காட்டும் படத்தில் அரை மைல் சாலைக்கு ஒரு கோடு இடக்கூட இடமிருக்காது. அங்கே எண் இல்லாதது, சாலைக்கு எண்ணே இல்லை என்பதற்குச் சான்றாகாது. கவுண்டிப் படத்தையும், தாளின் ஓரத்தில் பெரிதாக்கிக் காட்டப்படும் நகரப் படத்தையும் பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

படங்கள் தரும் இடைவெளியை ஆவணங்களே ஒரு நாளாகச் சுருக்கித் தரும். டெக்சாஸில் நெடுஞ்சாலை ஆணையத்தின் தீர்மானங்களையும், வாஷிங்டன், கலிபோர்னியா ஆகியவற்றில் சட்டமன்றம் இயற்றிய சட்டங்களையும் தேட வேண்டும். தீர்மான நாளும் ஒப்படைப்பு நாளும் வேறுபடலாம் என்பதால் இரண்டையும் குறிப்பிடுவது நல்லது. கவுண்டி வாரியத்தின் கூட்டக் குறிப்புகளை விட்டுவிடாதீர்கள். சாலையை ஏற்பதற்கு முன் அதைப் பழுதுபார்த்துத் தருமாறு கேட்ட பேச்சுவார்த்தைகள் அங்கேதான் பதிவாகியிருக்கும்.

இவ்வளவு சிறிய சாலைக்கு மாநிலம் எதற்காக எண் கொடுத்தது என்பதே என் பார்வையில் இவ்வரலாற்றின் உயிர். சில சாலைகள் சிறைச்சாலை, மனநல மருத்துவமனை, மாநிலப் பூங்கா, படகுத்துறை போன்ற இடங்களை முதன்மைச் சாலையோடு இணைக்கவே இருந்தன. வேறு சில, நெடுஞ்சாலை ஊருக்கு வெளியே திருப்பப்பட்டபோது மிஞ்சிய பழைய துண்டுகள். காரணம் பிடிபட்டால் நீக்கத்தின் காரணமும் பெரும்பாலும் விளங்கிவிடும்: நிறுவனம் மூடப்பட்டிருக்கும், அல்லது அங்கே உள்ளூர்ப் போக்குவரத்து மட்டுமே எஞ்சியிருக்கும்.

தடத்தின் வயதை அறிய அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் பழைய நிலவரைபடங்களும் 1930களிலிருந்து எடுக்கப்பட்ட வான்வழிப் படங்களும் உதவும். சாலையில் பாலம் இருந்தால், 1967 டிசம்பரில் ஒஹாயோ ஆற்றின் மீதிருந்த சில்வர் பாலம் இடிந்ததைத் தொடர்ந்து உருவான தேசியப் பாலப் பட்டியலில் 20 அடிக்கு மேற்பட்டவற்றின் கட்டுமான ஆண்டைக் காணலாம். எனினும் பழைய பாலங்களுக்கு அங்கே தரப்படும் ஆண்டு சில வேளைகளில் தோராயமானதே.

எழுதும்போது சாலையின் இரு முனைகளையும் அக்காலப் பெயராலும் இன்றைய பெயராலும் குறிப்பிடுங்கள். நீளத்தை அந்தந்தக் காலப் பதிவிலிருந்தே எடுங்கள். சந்திப்புகள் நகர்ந்திருக்கக்கூடும் என்பதால், இன்றைய படத்தில் அளந்த தொலைவை 1930களின் சாலைக்குப் பொருத்தக் கூடாது. நீக்கத்தைச் சொல்லும் வாக்கியத்தில், யார் யாரிடம் எதை ஒப்படைத்தார் என்பது இடம்பெற வேண்டும். ஆண்டு உறுதியாகாத இடத்தில் இரு ஆண்டுகளுக்கிடையே என்று எழுதி, அந்த எல்லைகளைத் தந்த இரு படங்களையும் பெயரிட்டுக் காட்டுங்கள்.